முப்பத்து நான்கு முகவரிகள்

1

நவம்பர் பதினைந்தோடு நான் இந்த நாட்டில் வந்து இறங்கி ஒன்பது வருஷம் முடிந்துவிட்டது. நாள்கணக்கில் மூவாயிரத்து இருநூற்று எண்பத்தேழு. நடுவே ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்து நாற்பத்தோரு நாள் தங்கினேன், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் உட்கார்ந்து, ஷிப்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று முப்பத்தொரு வருஷம் எண்ணியவன் நான். ஓய்வு பெற்றதும் அந்தப் பழக்கம் தானாகப் போய்விடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். போகவில்லை.

இங்கே எண்ணுவதற்கு அதிகம் இல்லை என்பதுதான் கஷ்டம். ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே மகன் செந்திலின் வீடு. மாடிக்குப் பதினான்கு படி. வாசலிலிருந்து நூலகத்துக்கு இரண்டாயிரத்து நூற்று எண்பது காலடி. பனிக்காலத்தில் காலடி சுருங்குவதால் ஓர் இருநூறு கூடும். தெருவில் இருபத்தாறு வீடு. ஒன்பது வருஷத்தில் நான்கு வீட்டாரின் பெயர் தெரியும். காலையில் மகனும் மருமகளும் வேலைக்கும், பேத்தி மீனா பள்ளிக்கும் போய்விட்டால், மூன்றே முக்கால் வரை நானும் குளிர்பதனப் பெட்டியின் உறுமலும்தான். ஜன்னலுக்கு எதிரே மக்காச்சோளக் காடு. அறுவடை முடிந்து உழுது போட்டிருக்கிறார்கள். மண் நம் கரிசலைப் போலவே கறுப்பு. ஆனால் எந்த வெயிலுக்கும் வெடிப்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லும் இங்கத்து மனிதர்கள் ஞாபகம் வரும். உள்ளே என்ன என்று காட்டாத மண்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பதினைந்தாம் தேதி வியாழக்கிழமையிலிருந்து அடுத்த திங்கள் வரை, ஐந்து நாள், என்னை நிற்கவிடாமலும் உட்காரவிடாமலும் ஆட்டிய ஒரு காரியத்தை எழுத வேண்டும். ஊரில் சிலருக்குப் பாதி தெரியும். பாதி தெரிந்தவர்கள் அதைத் தப்பாகச் சொல்லித் திரிவார்கள். அதற்கு நானே எழுதிவிடுவது நல்லது.

2

என் தங்கை பேச்சியம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. புதூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே போனால் அவளுடைய ஊர். அவள் வீட்டுக்காரர் நான்கு வருஷத்துக்கு முன் காலமானார். நான்கரை ஏக்கர் மானாவாரிக் கரிசலை இப்போது அவளே பார்த்துக்கொள்கிறாள். அவள் வீட்டுக் கொல்லையில், மரநிழல் விழாத இடமாகப் பார்த்து, நான் வேலையில் இருந்தபோதே ஒரு மழைமானி வாங்கி நட்டு வைத்தேன். மேலே புனல், உள்ளே கோடு போட்ட குழாய். வேறொன்றும் இல்லை. ஊரில் அதற்கு 'அண்ணாச்சி டப்பா' என்று பெயர். நான் இங்கே கிளம்பியபோது அந்தப் பொறுப்பை அவளிடம் விட்டுவந்தேன். தினமும் காலை எட்டரைக்கு அவள் பார்ப்பாள். முதலில் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ஊரில் போன் வந்து, இங்கே மலிவான போன் கார்டும் வந்த பிறகு, என்னுடைய காலை எட்டு மணிக்கு, அங்கே விளக்கு வைக்கிற நேரத்தில், நான் கூப்பிடுவேன்.

"ஏட்டி பேச்சி, இன்னிக்கு எவ்வளவு?"

"ஒண்ணுமில்லண்ணே. பூச்சியம்."

"குனிஞ்சு பாத்தியா, நின்ன மேனிக்குப் பாத்தியா?"

"உள்ள ஒரு சிலந்தி கெடந்துச்சு. அதையும் எழுதிக்கிடுதியா?"

அவள் சொல்வதை உடனே கணினியில் ஏற்றிவிடுவேன். இதற்கென்று 2001இல் செந்தில் ஓர் இணையதளம் செய்து கொடுத்தான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் தேதி, மழை அளவு, கீழே பொடி எழுத்தில் அது ஏற்றப்பட்ட நேரம். அந்த நேரத்தை யாரும் மாற்ற முடியாது; சர்வர் தானாகவே போட்டுக்கொள்ளும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று செந்தில் கேட்டான். நாளைக்குச் சராசரியாகப் பதினேழு பேர் பார்க்கிறார்கள். சர்வரில் வந்துபோகிறவர்களின் பதிவு ஒன்று இருக்கிறது. அதைத் தினமும் எண்ணுவேன். சார்ஜாவில் இருந்து ஒருவர் வெள்ளிக்கிழமைகூடத் தவறுவதில்லை. சூரத்தில் இருந்து ஒருவர் புரட்டாசி, ஐப்பசியில் மட்டும் வருவார். நம் பக்கத்து ஆட்கள்தான், வேறு யார் பார்ப்பார்கள்? தன் காட்டில் ஈரம் இருக்கிறதா என்று தெரியாமல் வேலைக்குப் போக மனசு வராதவர்கள்.

மீனாவுக்குப் பதினொரு வயது. ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஜீரோன்னா ஏன் தாத்தா எழுதணும்? ஒண்ணுமே நடக்கலையே" என்றாள். பூச்சியம்தான் பெரிய சேதி என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னால் பாதி புரியாது. ஆங்கிலத்தில் சொல்ல எனக்குப் பாதி வராது. "சும்மா" என்று சொன்னேன். அவளும் அதை நம்பிவிட்டுப் போனாள். அது எனக்கு இரண்டு நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

3

அந்தப் பூச்சியங்களுக்கு ஒரு நாள் தேவை வந்தது.

2006 புரட்டாசியில் எங்கள் ஊரில் எல்லாரும் புழுதி விதைப்பு போட்டார்கள். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது. மழை விழுந்த பிறகு கரிசலில் கால் வைக்க முடியாது என்பதால் எங்கள் பக்கம் அப்படித்தான். அக்டோபர் எட்டாம் தேதி காலை பேச்சி முப்பத்தொரு மில்லிமீட்டர் என்றாள். கம்பும் உளுந்தும் பருத்தியும் ஒருசேர முளைத்தன. ஒன்பதாம் தேதியிலிருந்து நவம்பர் பத்து வரை, முப்பத்து மூன்று நாள், ஒரு சொட்டுக் கிடையாது. முளைத்ததெல்லாம் நின்ற இடத்திலேயே கருகிப்போனது. பிறகு பெய்த மழைக்கு விதைக்க யாரிடமும் விதை இல்லை.

அரசாங்க மழைமானி எங்கள் ஊரிலிருந்து பதினேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே இந்த முப்பத்து மூன்று நாளில் மூன்று நாள் மழை. நம் பக்கம் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மாட்டின் ஒரு கொம்பு நனையும், மறுகொம்பு காயும். ஆனால் காகிதத்தில் அது பெய்த மழை. வறட்சி நிவாரணப் பட்டியலில் எங்கள் ஊர் இல்லாமல் போனது.

நாற்பத்து மூன்று குடும்பம் சேர்ந்து மேல்மனு போட்டார்கள். எழுதியவர் சுப்பையா அண்ணாச்சி. பேச்சிக்குப் பக்கத்துக் காட்டுக்காரர், என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் ஊர் வழக்கப்படி நானும் அவரை அண்ணாச்சி என்பேன், அவரும் என்னை அண்ணாச்சி என்பார். விசாரித்த அதிகாரி நியாயமான மனிதர் போலத்தான் தெரிந்தது. "நோட்டில எழுதினத நேத்து ராத்திரி உக்காந்துகூட எழுதலாம். அன்னன்னைக்கு ஏத்தின பதிவுன்னா, நானே திறந்து பாக்குதேன்" என்றாராம். அதனால் அண்ணாச்சி விளாத்திகுளத்தில் ஒரு கணினி மையத்துக்குப் போய், அக்டோபர் எட்டிலிருந்து நவம்பர் பத்து வரை முப்பத்து நான்கு பக்கங்களின் இணைய முகவரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்செடுத்து மனுவோடு இணைத்துவிட்டார். மழை பெய்த ஒரு நாள், பெய்யாத முப்பத்து மூன்று நாள். விசாரணை நவம்பர் பத்தொன்பது, திங்கள். அதில் தள்ளுபடியானால் அதற்குமேல் போக இடம் கிடையாது.

மனு கொடுத்தது செப்டம்பரில். அக்டோபரில் எங்கள் இணையதளம் இருந்த சர்வர் கம்பெனி, கடையை மூடப்போவதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியது.

4

செந்தில் எல்லாவற்றையும் வேறொரு சர்வருக்கு மாற்றினான். பழைய நிரல் புது இடத்தில் ஓடாது என்று நிரலையும் மாற்றினான். அதனால் பக்கங்களின் முகவரியும் மாறியது. பழைய முகவரி நாள், மாதம், வருஷம் என்ற வரிசையில் முடியும். புதியதில் வருஷம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள்.

"அப்ப பழைய முகவரிய வச்சிருக்கவங்க?" என்று கேட்டேன்.

"காணோம்னு வரும்."

"மனுவில முப்பத்து நாலு இருக்குடா."

"அதுக்கு ரீரைட் விதின்னு இருக்குப்பா. சர்வர்ல ஒரு கோப்புல ஒரே ஒரு வரி எழுதினாப் போதும். நம்ம மில் வாசல்ல வாட்ச்மேன் நிப்பாருல்ல, பழைய ஆபீசக் கேட்டு வாரவங்கள அந்தப் பக்கம் போங்கன்னு கையக் காட்டுவாரே, அது மாதிரி. ஞாயித்துக்கிழமை எழுதித் தாரேன்."

ஞாயிறு வரை என்னால் பொறுக்க முடியவில்லை. நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்து வந்து நானே படித்தேன். அறுபத்தேழு வயதில் புரியாதது ஒன்றும் இல்லை; மெதுவாகப் புரியும், அவ்வளவுதான். கேட்கப்படும் முகவரியில் எங்கெங்கே எண்கள் இருக்கின்றனவோ அங்கங்கே அடைப்புக்குறி போட வேண்டும். சர்வர் முதல் அடைப்புக்குள் இருப்பதை ஒன்று என்றும், அடுத்ததை இரண்டு என்றும், அதற்கடுத்ததை மூன்று என்றும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். புது முகவரியில் எந்த இடத்தில் எந்த எண்ணை வைப்பது என்று நாம் வரிசை சொல்ல வேண்டும். எண்ணிக்கை வேலை. என் வேலை. அக்டோபர் பத்தாம் தேதி புதன்கிழமை அந்த வரியை எழுதி ஏற்றினேன். அன்றைய தேதியைப் பழைய முறையில் போட்டுத் திறந்தேன். பக்கம் வந்தது. மறுபடி போட்டேன், வந்தது. மொத்தம் நான்கு தடவை. நான்கு தடவையும் சரி.

அதன் பிறகு வருகைப் பதிவில் 'பக்கம் இல்லை' என்று சர்வர் பதில் சொன்ன எண்ணிக்கை நாளுக்கு நாற்பது, ஐம்பது என்று ஏறியது. செந்திலிடம் சொன்னேன். "அது ரோபோப்பா. சும்மா எதையாவது தட்டிக்கிட்டே இருக்கும். விடுங்க" என்றான். நானும் ரோபோ கணக்கில் எழுதிவிட்டேன். சூரத்துக்காரர் அந்த ஐப்பசியில் வரவே இல்லை. அது மட்டும் உறுத்தியது. ஆள் எங்கேயாவது வேலை மாறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

5

வியாழக்கிழமை காலை வழக்கம்போலப் பேச்சிக்குப் போன் போட்டேன். சுப்பையா அண்ணாச்சி எடுத்தார். எனக்காகவே வந்து காத்திருந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? போன வருசம் சாமி பெய்ய வைக்காத மழைய நீங்க அமெரிக்காவில இருந்து பெய்ய வச்சிட்டியளே!"

"என்ன சொல்லுதீங்க அண்ணாச்சி?"

"விசாரணைக்கு முந்தி ஒரு தடவ பாத்துக்கிடுவோம்னு விளாத்திகுளம் போயிருந்தேன். அக்டோபர் பன்னெண்டுல இருபத்திரெண்டு மில்லி மழைன்னு போட்டிருக்கு. ஒம்பதாந் தேதியில ஆறு. நவம்பர் நாலுல பதினாலு. எட்டாந் தேதி பெஞ்சுச்சே முப்பத்தொண்ணு, அங்கன போயிப் பாத்தா பூச்சியம். பாதிப் பக்கத்தக் காணவே காணோம். அவுக சொல்லுத மூணு நாள் மழைக்கு நம்மளே சாட்சி சொல்லுத மாதிரி ஆயிப்போச்சு."

போனைப் பேச்சியிடம் கொடுக்கச் சொன்னேன். அடுத்து நான் கேட்டதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பாதி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

"ஏட்டி, அந்த நாளெல்லாம் நீ நேராப் பாத்துத்தான் சொன்னியா? இல்ல, எங்கேயும் போயிட்டு வந்து குத்துமதிப்பாச் சொன்னியா?"

பின்னால் சுப்பையா அண்ணாச்சி இருமுவது கேட்டது.

"காய்ச்சலோட எந்திரிச்சுப் போயி அளந்திருக்கேன்" என்றாள். "அவிய செத்தாவளே, அன்னைக்கும் எட்டரைக்குக் கொல்லைக்குப் போயிப் பாத்துட்டு வந்துதான் தலைமாட்டுல உக்காந்தேன். நீ அன்னைக்கும் போன் போட்ட. பூச்சியம்னு சொன்னேன். நேராப் பாத்தியான்னு அன்னைக்குக் கேட்டிருக்கலாம்லா?"

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. போன் கார்டில் இன்னும் இருநூற்றுப் பதினாறு நிமிஷம் மிச்சம் இருந்தது.

அடுத்து செந்திலை அலுவலகத்தில் கூப்பிட்டேன். சர்வர் மாற்றும்போது எண்களைக் கலைத்துவிட்டாயா என்று கத்தினேன்.

"எண்கள்ல நான் கையே வைக்கலப்பா. அப்படியே தூக்கி வச்சேன். வழி காட்டுற வரி நீங்க எழுதினதுதானே?"

"நான் எழுதினத நான் சோதிச்சுட்டேன்."

"எத்தன தேதி போட்டுப் பாத்தீங்க?"

"நாலு தடவ" என்றேன். அவன் தேதி கேட்டான், நான் தடவை சொன்னேன். அது எனக்கு அப்போதே தெரிந்தது.

6

வெள்ளிக்கிழமை எல்லாரும் கிளம்பிப் போனதும் மீனாவின் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக் கட்டம் போட்டேன். மனுவில் உள்ள முப்பத்து நான்கு முகவரியும் ஒரு வரிசை. வரவேண்டிய பக்கம் ஒரு வரிசை. உண்மையில் வந்த பக்கம் ஒரு வரிசை. ஒவ்வொன்றாகத் திறந்து எழுதினேன்.

எட்டு-பத்து என்று கேட்டால் வந்த பக்கத்தின் தலையில் பத்து-எட்டு. பன்னிரண்டு-பத்து கேட்டால் பத்து-பன்னிரண்டு. இரண்டு எண்ணும் இருந்தன, இடம் மட்டும் மாறி. அண்ணாச்சியின் கண் மழை அளவைத் தேடிப் போயிருக்கும். தலையில் உள்ள தேதியை யார் எழுத்தெண்ணிப் பார்ப்பார்கள்? அவர் அக்டோபர் பன்னிரண்டு என்று நினைத்துப் பார்த்தது டிசம்பர் பத்து. பேச்சி சரியாக அளந்த, நான் சரியாக ஏற்றிய, டிசம்பர் மழை. நவம்பர் நாலு என்று பார்த்தது ஏப்ரல் பதினொன்றின் கோடைமழை. அக்டோபர் பதின்மூன்றிலிருந்து முப்பத்தொன்று வரை பத்தொன்பது பக்கமும் இல்லை. பதின்மூன்றாம் மாதம் எங்கே இருக்கிறது? ரோபோ என்று நான் கணக்கு எழுதியதெல்லாம் மனிதர்கள். சூரத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, இல்லையென்று திரும்பிப் போயிருக்கிறார்.

பத்தொன்பது காணவில்லை. பதினான்கு தப்பு. சரியாக வந்தது ஒன்றே ஒன்று: அக்டோபர் பத்து. பத்தாம் மாதம் பத்தாம் தேதி. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். நான் அந்த வரியை எழுதிய நாளும் ஒரு பத்து-பத்து. நான்கு தடவை சோதித்ததும் அதை மட்டும்.

விதியைத் திறந்து பார்த்தேன். மூன்று, ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று இருக்க வேண்டும். முதலில் வருவது மாதம் என்று எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து இல்லையே தவிர என் கை.

எப்படி என்று யோசித்தேன். இங்கே வந்த புதிதில் ஒரு மருத்துவமனைப் படிவத்தில் பிறந்த தேதியை நான்கு, பதினொன்று என்று எழுதினேன். நவம்பர் நாலு. அவர்கள் அதை ஏப்ரல் பதினொன்று என்று பதிந்துகொண்டார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, அவர்கள் அட்டையில் ஒரு தேதி. நான் நான்தான் என்று நிரூபிக்க ஆறு தடவை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு பெண், சிரித்த முகம் மாறாமல், வேறொரு படிவம் கொடுப்பாள். ஆறாவது தடவை திரும்பி வந்ததும் உட்கார்ந்து, மாதம் முதலில், மாதம் முதலில் என்று ஒரு தாள் முழுக்க எழுதிப் பழகினேன். அதன் பிறகு ஒன்பது வருஷத்தில் ஒரு படிவமும் திரும்பி வரவில்லை. மகன் இட்லிக்குச் சீனி தொட்டுக்கொள்கிறான், பேத்தி புரட்டாசி என்றால் ஆள் பெயரா என்று கேட்கிறாள் என்றெல்லாம் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, என் கை சத்தமில்லாமல் வேறு நாட்டுக்காரனுடைய கையாகியிருக்கிறது. அது எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

இரண்டு எண்ணையும் இடம் மாற்றினேன். அதற்கு எட்டு வினாடி ஆனது. முப்பத்து நான்கையும் மூன்று சுற்றுத் திறந்து பார்த்தேன். பிறகு மற்ற மாதங்களையும் ஒவ்வொரு நாளாகத் திறக்க ஆரம்பித்தேன். செந்தில் வந்து, தானாகச் சோதிக்க ஒரு சின்ன நிரல் எழுதித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அறுநூற்று இருபதாவது பக்கத்தில் மருமகள் வந்து, "மாமா, சாப்பிட்டுட்டுப் பாருங்க" என்று கணினியின் மூடியை அவளே சாத்தினாள்.

7

சனிக்கிழமை காலை எட்டுக்குப் பேச்சி போனை எடுத்தாள். மழை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

"பேச்சி, தப்பு என்னுது. தேதிய இங்கத்துக்காரங்க மாதிரி மாத்தி எழுதிட்டேன். ஓம் மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு நான் கேட்டது..."

"சரி, விடு."

"விடுத விசயமா அது?"

"அத அப்புறமா வச்சிக்கிடுவோம். இப்ப வேற ஒண்ணு இருக்கு. அண்ணாச்சி நிக்காவ, கேளு."

சுப்பையா அண்ணாச்சி இந்தத் தடவை கேலி பேசவில்லை. வெள்ளிக்கிழமையே அந்த அலுவலகத்தில் ஒருவர் பக்கங்களைத் திறந்து பார்த்து, 'பதிவுகள் மனுவோடு முரண்படுகின்றன' என்று கோப்பில் எழுதிவிட்டாராம். "இப்ப நீங்க சரி பண்ணிட்டியன்னா, திங்கக்கிழமை பாக்கும்போது வேற மாதிரி இருக்கும். மாட்டிக்கிட்டதும் மாத்திட்டானுவன்னுதான சொல்லுவாவ? தப்பாவே இருந்தாலும் போச்சு, சரியா இருந்தாலும் போச்சு."

அவர் சொன்னது சரி. பக்கத்தின் கீழே ஏற்றிய நேரம் இருக்கிறது என்று சொன்னேன். "எல்லாம் ஒங்க கையிலதான இருக்கு அண்ணாச்சி? நேரத்தையும் மாத்தியிருப்பாருன்னு சொன்னா?" என்றார். நான் நல்லவன் என்பதற்கு நானே சாட்சியாக முடியாது. டைம் ஆபீசில் எத்தனையோ பேரிடம் நானே இதைச் சொல்லியிருக்கிறேன்.

அப்போதுதான் பேச்சி போனை வாங்கிச் சொன்னாள்.

"காலண்டர்த் தாளு இருக்கு, அது ஆவுமா?"

"எந்தத் தாளு?"

"தெனசரி கிழிக்கோம்லா, அதுதான். அன்னைக்கு எவ்வளவு மழைன்னு பின்பக்கத்துல எழுதிக் கம்பியில குத்தி வச்சிருக்கேன். வருசத்துக்கு ஒரு கம்பி."

"எத்தன வருசமா?"

"நீ போனதுல இருந்து. ஒம்பது கம்பி. எலி கடிக்காம ஒறியில கட்டித் தொங்க விட்டிருக்கேன்."

"நான்தான் கம்ப்யூட்டர்ல எழுதுதேனே. அது மேல நம்பிக்கை இல்லாமயா?"

"கம்ப்யூட்டரு யாரு எனக்கு? நீதான் தப்பா எழுதிட்டன்னா?"

பின்னால் சுப்பையா அண்ணாச்சி சிரித்தார். நான் ஒன்பதை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கிப் பார்த்தேன்.

அன்றே ஒரு பக்கத்தில் அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி. வியாழக்கிழமை அண்ணாச்சி எந்த முகவரியைத் திறந்து எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்ற கட்டம், தவறான வரி, திருத்திய வரி, திருத்திய நேரம். 'மழை அளவுகள் எதுவும் மாறவில்லை. அவற்றிடம் கொண்டுபோகும் வழியை நான் தவறாக எழுதினேன். பிழை என்னுடையது மட்டுமே. அளந்தவர் பிழை செய்யவில்லை' என்று முடித்தேன். கடைசி வரியைச் செந்தில் இரண்டு தடவை வாசித்தான். பிறகு ஸ்கேன் செய்து விளாத்திகுளம் கணினி மையத்துக்கு அனுப்பினான்.

ஞாயிறு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மாடிக்கும் கீழுக்குமாக எத்தனை தடவை நடந்தேன் என்று என்னாலேயே எண்ண முடியவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு அங்கே விசாரணை முடிந்து ஏழரை மணி நேரம் ஆகியிருந்தது. சுப்பையா அண்ணாச்சி விவரம் சொன்னார். அதிகாரி என் கடிதத்தை முதலில் மனதுக்குள் வாசித்தார், பிறகு எல்லாருக்கும் கேட்க வாசித்தார். முரண் என்று எழுதியவர் லேசாகச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. பேச்சியைக் கூப்பிட்டுக் கம்பியை மேசைமேல் வைக்கச் சொன்னார். தாள்களை ஒவ்வொன்றாக உருவி, முன்பக்கம் அச்சடித்த தேதி, கிழமை, தமிழ் மாதம், பின்பக்கம் அவள் பென்சிலில் எழுதிய அளவு, இரண்டையும் சத்தமாகச் சொன்னார். சிரித்தவர் அதே தேதிக்கான முகவரியைக் கணினியில் திறந்து, என்ன இருக்கிறதென்று சொன்னார்.

"முப்பத்தொண்ணு" என்றால் "முப்பத்தொண்ணு." பிறகு பூச்சியம் என்றால் பூச்சியம். முப்பத்து மூன்று தடவை. "கோயில்ல அர்ச்சனை சொல்லுத மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி" என்றார். "இருவதுக்கு மேல போனதும் அந்தாளு பாக்காமலே பூச்சியம்னு சொல்ல ஆரம்பிச்சாரு. அதிகாரி விடல, பாத்துச் சொல்லுங்கன்னுட்டாரு. பேச்சிகிட்ட, எதுக்கும்மா இதெல்லாம் எழுதி வச்சீங்கன்னு கேட்டாரு."

"என்ன சொன்னா?"

"அண்ணன் தூரத்துல இருக்காவ, கண்ணுல படாததத்தான் எழுதுதாவ, அதான் நானும் ஒரு பக்கம் எழுதி வச்சேன்னா."

ஊரைப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். நாற்பத்து மூன்று குடும்பமும். இனி மேலிடத்தில் ஒப்புதல் வர வேண்டும், அது வரும் என்று அண்ணாச்சி சொன்னார். நான் எப்போது வரும் என்று கேட்டேன். அவர், "அண்ணாச்சி, ஒரு நாளாவது சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனைப் பேச்சியிடம் கொடுத்தார்.

அவளிடம் என்னென்னவோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்பது வருஷமாக வருவதுதான்.

"இன்னிக்கு எவ்வளவு பேச்சி?"

"மொதல்ல நீ தேதியச் சொல்லு."

"என்னட்டி?"

"சொல்லுண்ணே. இனிமே தெனம் நீ தேதியச் சொல்லு, பொறவு நான் மழையச் சொல்லுதேன்."

"பத்தொம்பது" என்றேன். அதோடு நிறுத்தி, சரிதானா என்று மனதுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். "பதினொண்ணு."

"வருசம்?"

"ரெண்டாயிரத்து ஏழு."

"ம். பதினாறு மில்லி. எழுதிக்கோ."